குழவியர் குடலும் நன்மை செய் நுண்ணுயிர்களும்

கிருமி என்னும் சொல்லைக் கேட்ட மாத்திரத்தே அச்சமும் அருவருப்பும் கொள்ளுமாறு நாம் பழக்கப்பட்டுள்ளோம். ஆரம்ப வகுப்பிற் சுகாதாரம் கற்பிக்கும் ஆசிரியர் முதல் சவர்க்கார விளம்பரம் எழுதுவோர் ஈறாக யாவரும் கிருமியைக் கொல்லும் வழியையே நமக்குக் கூறி வந்துள்ளனர். அவ்வறிவுரை பொய்யன்று. கொதித்தாறிய நீரும், கழுவிய கையும், மூடிய கிணறும் எத்தனையோ மகவுகளின் உயிரைக் காத்தன. ஆயினும் உண்மை அவ்வளவில் முடிவதன்று. பிறந்து ஒரு கிழமையே ஆன குழவியின் குடலினுள்ளே கோடானுகோடி நுண்ணுயிர்கள் குடியேறியிருக்கின்றன. அவற்றுட் பல அக்குழவியின் பகையல்ல. உறவு என்றே கூறல் வேண்டும்.

இவ்விழா மலருக்குக் கட்டுரை வேண்டிய மலர்க்குழுவினர், தமிழாசிரியன் ஒருவனிடமிருந்து சங்கச் செய்யுளாராய்ச்சி ஒன்றையே எதிர்பார்த்திருப்பர். ஆனால் அண்மைக் காலத்தில் நம் பழைய மாணவர் என்னிடம் வினவும் வினாக்களுள் இலக்கணம் பற்றியன சில. பிள்ளை வளர்ப்புப் பற்றியன பல. புதிதாய்த் தந்தையரானோர், கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் உறவினர் அனுப்பிய சிறு போத்தல் ஒன்றைக் காட்டி, "சேர், இதற்குள் உயிருள்ள கிருமி இருக்கிறதாம், பிள்ளைக்குக் கொடுக்கலாமா?" என்று கேட்கின்றனர். வைத்தியரிடம் கேட்கவேண்டிய வினா தமிழாசிரியனிடம் வருதற்குக் காரணம், போத்தலில் ஒட்டிய தாளிலுள்ள இலத்தீன் பெயர்கள் விளங்காமையே. சொற்பொருள் கூறுதல் என் தொழில். ஆய்வுக் கட்டுரைகள் சிலவற்றைப் படித்தும், நம் கல்லூரியிற் கற்று இன்று குழந்தை வைத்தியராய் விளங்கும் இருவரை வினவியும் தெளிந்தவற்றை ஈண்டு எழுதுகின்றேன். மருந்து எழுதிக் கொடுத்தல் என் நோக்கமன்று.

முதலிற் பெயரைப் பார்ப்போம். 'புரோபயோட்டிக்' என்பது இருமொழிக் கலப்புச் சொல். முற்பகுதி இலத்தீன், 'பொருட்டு' என்பது அதன் பொருள். பிற்பகுதி கிரேக்கம், 'உயிர்' என்பது அதன் பொருள். 'அன்ரிபயோட்டிக்' என்னும் நுண்ணுயிர்க்கொல்லிக்கு எதிர்ச்சொல்லாக இது வழங்கலாயிற்று. தமிழில் 'நன்மை செய் நுண்ணுயிர்' என்பது போதும். 2001-ஆம் ஆண்டு ஆர்ஜென்ரீனா நாட்டின் கோர்டொபா நகரிற் கூடிய உலக உணவு விவசாய நிறுவனம், உலக சுகாதார நிறுவனம் ஆகியவற்றின் நிபுணர் குழு இதற்கு ஓர் இலக்கணம் வகுத்தது: போதிய அளவில் உட்கொள்ளப்படும்போது உட்கொள்வோர்க்கு உடல்நலம் பயக்கும் உயிருள்ள நுண்ணுயிர்களே புரோபயோட்டிக்குகள். இவ்விலக்கணத்தில் ஒரு சொல்லும் மிகையன்று. உயிருடன் இருத்தல் வேண்டும். போதிய அளவில் இருத்தல் வேண்டும். நலம் பயத்தல் மெய்ப்பிக்கப்பட்டிருத்தல் வேண்டும். இம்மூன்றுள் ஒன்று குறையினும் போத்தலில் எப்பெயர் எழுதப்பட்டிருப்பினும் அது புரோபயோட்டிக் ஆகாது. புளித்தன யாவும் புரோபயோட்டிக் என்று நம்மிடையே ஒரு கருத்து உலவுகின்றது. அப்பத்துக்குக் கள்ளு விட்டு மாவைப் புளிக்கச் செய்கிறோம். தோசை மாவும் நுண்ணுயிர்களாலேயே பொங்குகின்றது. ஆனால் கல்லிலும் தாச்சியிலும் வெந்ததும் அவை மடிந்து போகின்றன. அப்பம் சுவையானது, புரோபயோட்டிக் அன்று.

இனிக் குழவியின் குடலுக்கு வருவோம். 1885-ஆம் ஆண்டில் தியோடர் எசரிக் என்னும் குழந்தை வைத்தியர், பிறந்த குழவிகளின் கரும்பச்சை நிறமான முதல் மலத்தை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து ஆராய்ந்தார். பிறந்தவுடன் வெளிவந்த மலத்தில் நுண்ணுயிர்களைக் காணாத அவர், சில மணித்தியாலங்களின் பின் வந்த மலத்தில் அவை பெருகியிருத்தலைக் கண்டார். அவர் கண்ட கோலுருவ உயிரே இன்று அவர் பெயரால் 'எசரிக்கியா கோலி' என வழங்குவது. அடுத்து, பாரிஸ் நகரத்துப் பாஸ்ச்சர் நிறுவகத்தைச் சேர்ந்த ஹென்றி திசியே, தாய்ப்பால் உண்ணும் குழவிகளின் மலத்தில் இருகவராய்ப் பிரிந்த உருவுடைய ஒருவகை உயிர் மிகுந்திருத்தலை 1899-ஆம் ஆண்டிலும் அதனையடுத்தும் எடுத்துக் காட்டினார். 'பிஃபிடஸ்' என்னும் இலத்தீன் சொல்லுக்கு 'இரண்டாய்ப் பிளவுபட்டது' என்பது பொருள். போத்தல்களில் நாம் காணும் 'பிஃபிடோபற்றீரியம்' என்னும் நீண்ட பெயரின் வரலாறு இதுவே. வயிற்றோட்டங் கண்ட குழந்தைகளுக்கு இவ்வுயிரைக் கொடுத்துப் பார்க்கலாம் என்று அக்காலத்திலேயே கூறியவரும் அவரே. 1900-ஆம் ஆண்டில் ஏர்ண்ஸ்ட் மோரோ என்னும் ஆஸ்திரிய வைத்தியர் குழவி மலத்திலிருந்து அமிலத்தை விரும்பும் இலற்றோபசிலசு ஒன்றைப் பிரித்தெடுத்தார். மோரோ என்ற பெயர் நமக்கு மோரை நினைவூட்டுமாயின் அது தற்செயலே. ஆயினும் பொருத்தமான தற்செயல்.

தாய்ப்பால் உண்ணும் குழவியிடத்து இவ்வுயிர் மிகுதலும் போத்தற்பால் உண்ணும் குழவியிடத்து அஃது அத்துணை மிகாமையும் எதனால்? இவ்வினாவுக்கு விடை காண அறிவியலார்க்கு ஒரு நூற்றாண்டு வேண்டியிருந்தது. தாய்ப்பாலிலுள்ள திண்பொருள்களில் முதலாவது பால் வெல்லமாகிய இலற்றோசு, இரண்டாவது கொழுப்பு, மூன்றாவது பல வெல்ல மூலக்கூறுகள் கோத்துச் சங்கிலியாய் அமைந்த ஒருவகைச் சேர்வை. ஒரு லீற்றர் தாய்ப்பாலில் இச்சேர்வை ஏறத்தாழ 5 கிராம் முதல் 15 கிராம் வரை உண்டு. அதன் வகைகள் நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவை. வியப்பு யாதெனின், இதனைச் சமிக்கச் செய்யும் நொதியம் குழவியிடத்து இல்லை. தாயின் உடல் தன் ஆற்றலைச் செலவிட்டு ஆக்கும் ஒரு பொருள், உண்ணும் பிள்ளைக்கு உணவாகாமற் பெருங்குடல் வரை அப்படியே செல்கின்றது. அங்கே அதனை உண்ணக் காத்திருப்பவை பிஃபிடோ இனத்து உயிர்களே. அவற்றுள்ளும் 'இன்பன்ரிஸ்' என்னும் பிரிவு அதனை முற்றாக உண்ணவல்லது. 2008-ஆம் ஆண்டில் அவ்வுயிரின் மரபணுத் தொகுதி முழுவதும் வாசிக்கப்பட்டபோது, இவ்வெல்லச் சங்கிலிகளை அறுத்துண்ணுதற்கென்றே அமைந்த பரம்பரையலகுகள் அதனிடத்து நிரம்பியிருந்தமை தெளிவாயிற்று. தாய் ஊட்டுவது பிள்ளைக்கு மட்டுமன்று. பிள்ளையின் குடலிற் குடியிருப்போர்க்கும் சேர்த்தே ஊட்டுகின்றாள்.

உண்ட உயிர்கள் வாளா இருப்பதில்லை. அவை அசற்றிக்கமிலத்தையும் இலற்றிக்கமிலத்தையும் உண்டாக்கிக் குடலைச் சற்றே புளிப்பாக்குகின்றன. அப்புளிப்பிலே நோய்க்கிருமிகள் பல செழித்து வளரமாட்டா. இடம் முன்பே நிரம்பியிருத்தலாற் புதிதாய் வரும் பகைக்கு ஒதுங்க இடமும் இல்லை. நோயெதிர்ப்பு ஆற்றல் தன் பயிற்சியைப் பெறுவதும் இவற்றின் நடுவிலேதான். மேல்நாடுகளிற் பிறக்கும் குழந்தைகள் பலரிடத்து இன்பன்ரிஸ் அருகிவிட்டது. வங்காளதேசம் போன்ற நாடுகளில் இன்னும் பரவலாய்க் காணப்படுகின்றது. சத்திரசிகிச்சைமூலம் பிறத்தல், பிறந்தவுடன் நுண்ணுயிர்க்கொல்லி பெறுதல், பால்மா உண்ணல் ஆகியன இக்குடியேற்றத்தைத் தாமதப்படுத்துவன. இவற்றுள் முதலிரண்டும் உயிர் காத்தற்கு வேண்டியனவாய் இருக்குமிடத்து அவற்றைக் குறைகூறுதல் பேதைமை. நம் நாட்டைப் பொறுத்தவரையில் ஒரு நற்செய்தி உண்டு. 2016-ஆம் ஆண்டின் குடித்தொகை சுகாதார ஆய்வின்படி, இலங்கையில் ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்கு 82 பேர் தாய்ப்பால் ஒன்றையே உண்கின்றனர். உலகிற் பல செல்வ நாடுகள் எட்டாத அளவு இது. நம் குடும்பநல மாதர் படலை தோறும் ஏறி இறங்கிய உழைப்பின் பயனே இது என்பேன்.

புளித்த பாலை உலகப் புகழுக்குக் கொணர்ந்தவர் இலியா மெச்னிக்கொவ் என்னும் அறிஞர். 1908-ஆம் ஆண்டு நோபெல் பரிசைப் பகிர்ந்து பெற்ற அவர், முதுமை என்பது பெருங்குடலில் நிகழும் அழுகலால் வருவது என்றும், புளித்த பாலிலுள்ள உயிர்கள் அதனைத் தடுக்கும் என்றும் நம்பினார். ஸ்தாமென் கிரிகோரவ் என்னும் பல்கேரிய மாணவர் 1905-இல் தம் நாட்டுத் தயிரிற் கண்டறிந்த உயிரே அவருடைய நம்பிக்கைக்கு ஆதாரம். நாடோறும் புளித்த பால் அருந்திய அறிஞர் 71-ஆம் வயதிற் காலமானார். அத்தயிருயிர் மனிதக் குடலில் நிலைத்து வாழ்வதில்லை என்று பின்வந்தோர் காட்டினர். கொள்கை தளர்ந்தாலும் அவர் எழுப்பிய வினா தளரவில்லை. எவ்வுயிர், எந்நோய்க்கு, எவ்வளவு என்று கேட்கும் இக்கால ஆய்வு அதன் தொடர்ச்சியே.

அத்தகைய ஆய்வு மிகுதியாய் நடந்திருப்பது குழவியின் அழுகை பற்றியதாகும். நன்கு பாலுண்டு, நிறை கூடி, நோயொன்றுமின்றி இருக்கும் பிள்ளை, மாலை மயங்கும் நேரத்தில் முகஞ் சிவந்து, கால்களை வயிற்றோடு மடக்கி, கைகளை இறுகப் பொத்தி வீரிட்டு அழும். மேல்நாட்டார் இதனைக் 'கொலிக்' என்பர். நம்மவர் வயிற்றுக் குத்து என்பர். ஏறத்தாழ ஐந்து குழந்தைகளுள் ஒன்றுக்கு இது நேரும். தாய்ப்பாற் பிள்ளைக்கும் உண்டு, போத்தற்பாற் பிள்ளைக்கும் உண்டு. 1954-ஆம் ஆண்டில் மொறிஸ் வெசெல் என்னும் அமெரிக்க வைத்தியர் இதற்கு 'மூன்றின் விதி' வகுத்தார்: நாளொன்றுக்கு மூன்று மணித்தியாலத்துக்கு மேல், கிழமைக்கு மூன்று நாளுக்கு மேல், மூன்று கிழமைக்கு மேல். இரண்டாங் கிழமையளவில் தொடங்கி, ஆறாங் கிழமையில் உச்சம் பெற்று, மூன்று நான்கு மாதத்தில் தானே அடங்குவது இதன் இயல்பு. காரணம் இன்னதென இன்றுவரை எவரும் அறுதியிட்டுக் கூறவில்லை. விழுங்கிய காற்று, சமிபாட்டு முதிர்ச்சியின்மை, குடலில் வாயுவை உண்டாக்கும் நுண்ணுயிர்களின் மிகுதி எனப் பலவும் கூறுவர்.

இத்தாலி நாட்டுத் தூரின் நகரில் சவினோ என்னும் வைத்தியரும் அவர்தம் குழுவினரும் 2007-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ஒன்று பெற்றோரிடையே பெரும் ஆவலைக் கிளப்பிற்று. கொலிக்கால் அழுத 83 தாய்ப்பாற் குழந்தைகளுட் சிலர்க்கு 'இலற்றோபசிலசு றொயிற்றெரி' என்னும் உயிர் கொடுக்கப்பட்டது. ஏனையோர்க்கு வாயு நீக்கும் சிமெதிக்கோன் என்னும் மருந்து கொடுக்கப்பட்டது. இருபத்தெட்டாம் நாளில் முன்னையோரின் அழுகை நாளொன்றுக்கு 51 நிமிடம். பின்னையோரின் அழுகை 145 நிமிடம். ஆயினும் அச்சோதனையில் எப்பிள்ளைக்கு எது கொடுக்கப்பட்டது என்பதைப் பெற்றோர் அறிந்திருந்தனர். மருந்து கொடுத்தோம் என்ற எண்ணமே தாயின் செவியில் அழுகையைக் குறைத்துக் காட்டவல்லது. ஆதலின் 2010-ஆம் ஆண்டில் அதே குழுவினர், உண்மைத் துளி எது, வெறுந்துளி எது என்று கொடுப்போரும் பெறுவோரும் அறியாதவாறு 50 குழந்தைகளிடத்து மீண்டும் சோதித்தனர். இருபத்தோராம் நாளில் 35 நிமிடமும் 90 நிமிடமும் என முடிவு வந்தது. இங்கே நாம் கவனிக்கவேண்டியது மற்றொன்று: வெறுந்துளி பெற்ற குழந்தைகளின் அழுகையுங்கூட நாளடைவிற் குறைந்தே வந்தது. காலம் என்னும் வைத்தியர் இருசாராரையும் கவனித்துக்கொண்டார்.

பின்னர் அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ண் நகரில் 167 குழந்தைகளைக் கொண்டு நடத்தி 2014-இல் வெளியிட்ட சோதனையிற் பயனொன்றும் காணப்படவில்லை. அதிற் பால்மா உண்ட குழந்தைகளும் இருந்தனர். அவர்களிடத்துச் சிணுங்கல் கூடியதாகவே தெரிந்தது. முரண்பட்ட இம்முடிவுகளை ஒருங்கு நோக்கும் பொருட்டு, நான்கு சோதனைகளிற் பங்குகொண்ட 345 குழந்தைகளின் தரவுகளையும் ஒன்றுசேர்த்து ஆராய்ந்து 2018-இல் முடிவு கூறினர். தாய்ப்பால் மட்டும் உண்ணும் குழந்தைகளுக்கு றொயிற்றெரி பயன் தருகின்றது. பால்மாக் குழந்தைகளுக்குப் பயன் தரும் என்று கூறுதற்குப் போதிய சான்றில்லை. பயனின் அளவோ, மூன்றாங் கிழமை முடிவில், வெறுந்துளி பெற்றோரினும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 நிமிடம் குறைந்த அழுகை.

இருபத்தைந்து நிமிடம் பெரிதா சிறிதா? விளம்பரம் எழுதுவோர்க்குப் பெரிது, ஐயுறுவோர்க்குச் சிறிது. என் இளைய தங்கையின் மகன் ஐந்தாங் கிழமையில் நாடோறும் மாலை ஆறு மணி முதல் ஒன்பது மணி வரை அழுதான். அவள் உண்ணாதும் உறங்காதும் ஒரு மாதத்திற் பாதியாய் இளைத்தாள். தன் பாலிற்றான் குற்றமோ என்று அவள் கலங்கியதே எங்களுக்கு மிகவும் வருத்தந் தந்தது. ரொறொன்ரோவிலிருந்து மைத்துனர் துளிமருந்து அனுப்பினார். குழந்தை வைத்தியர் முதலிற் பிள்ளையை முழுதும் சோதித்து, நிறையை அட்டையிற் பதிந்து, "பாலிற் குறையில்லை, பிள்ளைக்கும் நோயில்லை, விரும்பினால் மூன்று கிழமை கொடுத்துப் பாருங்கள்" என்றார். கொடுத்தனர். பத்தாங் கிழமையில் அழுகை ஓய்ந்தது. துளியால் ஓய்ந்ததா, நாளால் ஓய்ந்ததா என்று கூற என்னால் இயலாது. வைத்தியர் அன்று கூறிய மூன்று வாக்கியங்களுள் முதலாவதே தங்கையின் உயிரை மீட்டது என்று மட்டும் கூறுவேன். அழுகை பொறுக்க முடியாத வேளையிற் பிள்ளையைக் கட்டிலிற் பத்திரமாய்க் கிடத்திவிட்டுச் சற்றே வெளியே சென்று மூச்சு வாங்குதல் தாய்க்குக் குற்றமன்று. தந்தையும் அம்மம்மாவும் முறைவைத்துப் பிள்ளையைத் தூக்கவேண்டும். எக்காரணத்தாலும் பிள்ளையைக் குலுக்கலாகாது. குலுக்கினால் மூளையில் இரத்தம் கசிந்து உயிருக்கே இறுதி நேரும்.

எல்லா அழுகையும் கொலிக் அன்று. மூன்று மாதத்திற்குட்பட்ட பிள்ளைக்குக் காய்ச்சல், பச்சை நிறமான வாந்தி, பீறிட்டுப் பாயும் வாந்தி, மலத்தில் இரத்தம், பாலுண்ண மறுத்தல், சோர்ந்து துவளல், நிறை கூடாமை ஆகியவற்றுள் ஒன்று காணினும் துளிமருந்தைத் தேடாது வைத்தியசாலைக்கு ஓடவேண்டும். விட்டுவிட்டு வீரிட்டழுது இடையிடையே வெளிறிச் சோரும் பிள்ளைக்குக் குடல் குடலினுள் நுழைந்திருத்தலும் கூடும். அதற்குப் புரோபயோட்டிக் மருந்தன்று, மணித்தியாலங்கள் கணக்கு.

வயிற்றோட்டத்தின் கதை வேறு. முதலில் ஒரு தெளிவு வேண்டும். தாய்ப்பாற் பிள்ளை நாளொன்றுக்குப் பலமுறை மஞ்சளாய் இளகிப் போதலும் இயல்பே. வளர்ந்தபின் பல நாளுக்கு ஒருமுறை போதலும் இயல்பே. வழக்கத்திற்கு மாறாய் நீர்போலப் பலமுறை போதலே வயிற்றோட்டம். இதற்குப் புரோபயோட்டிக் கொடுத்தால் ஒரு நாள் முந்தி நிற்கும் என்று முன்னர்ச் சிறு ஆய்வுகள் பல கூறின. 2018-ஆம் ஆண்டில் இரு பெருஞ் சோதனைகளின் முடிவுகள் ஒருங்கே வெளிவந்தன. ஐக்கிய அமெரிக்காவில் 971 குழந்தைகளுக்கும் கனடாவில் 886 குழந்தைகளுக்கும் இலற்றோபசிலசு இனங்கள் அல்லது வெறுந்தூள் கொடுக்கப்பட்டன. இரு நாட்டிலும் வேறுபாடு காணப்படவில்லை. ஐரோப்பியக் குழந்தைச் சமிபாட்டு வைத்தியர் சங்கம் சில குறித்த இனங்களை இன்றும் தளர்ந்த குரலிற் பரிந்துரைக்கின்றது. அமெரிக்கச் சங்கம் 2020-இல் வேண்டாம் என்றது. நம்மைப் போன்ற பாமரர் இவ்வழக்கில் தீர்ப்புக் கூற வேண்டியதில்லை.

ஏனெனில் வயிற்றோட்டத்திற் பிள்ளையைக் கொல்வது நீரிழப்பே. எம் அயற் கிராமத்தில் எட்டு மாதப் பிள்ளை ஒன்றுக்கு வயிற்றோட்டங் கண்டபோது, வெளிநாட்டுத் தூள் வீட்டில் இருக்கின்றதென்ற தைரியத்தில் இரண்டு நாள் அதனையே கரைத்துக் கொடுத்தனர். ஓட்டம் பிடிப்பதற்காகப் பாலையும் நீரையும் குறைத்தனர். மூன்றாம் நாள் உச்சிக்குழி தாழ்ந்து, கண் குழிந்து, அழுதாற் கண்ணீரும் வராத நிலையில் வைத்தியசாலைக்குக் கொண்டோடினர். நாளத்தின் வழியே திரவம் ஏற்றிப் பிள்ளையைக் காப்பாற்றினர். தூள் நஞ்சன்று, தூளை நம்பி இழந்த இரண்டு நாளே நஞ்சாயிற்று. 1968-இல் டாக்கா நகரில் உறுதிசெய்யப்பெற்று, 1971-இல் வங்க அகதி முகாமில் திலீப் மகலாநபிஸ் என்னும் வைத்தியராற் பெருமளவிற் கையாளப்பட்ட உப்புவெல்லக் கரைசலே இந்நோய்க்கு உண்மையான உயிர்மருந்து. நம் நாட்டில் 'ஜீவனி' என்னும் பெயருடன் சிறு பொதியாய்க் கிடைப்பது அதுவே. பொதியில் எழுதிய அளவு கொதித்தாறிய நீரிற் கரைத்து, இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஒவ்வொரு முறை போனபின்னும் 50 முதல் 100 மில்லிலீற்றர் வரை கரண்டியாற் சிறிது சிறிதாய்ப் பருக்கவேண்டும். கரைத்ததை 24 மணித்தியாலத்தின் பின் வைத்திருக்கலாகாது. தாய்ப்பாலை ஒருபோதும் நிறுத்தலாகாது. நாகச் சத்தையும் பத்து முதல் பதினான்கு நாள் வரை வைத்தியர் கொடுப்பர். ஆறு மாதத்திற்குட்பட்டோர்க்கு நாளுக்கு 10 மில்லிகிராம், மேற்பட்டோர்க்கு 20 மில்லிகிராம்.

நுண்ணுயிர்க்கொல்லி மருந்து உண்ணும் பிள்ளைக்கு அம்மருந்தாலேயே வயிறு கலங்குதல் உண்டு. இவ்விடத்தில் மட்டும் புரோபயோட்டிக்கின் பக்கம் சான்று வலுவாய் நிற்கின்றது. 6,352 சிறுவர் பங்குகொண்ட 33 ஆய்வுகளைத் திரட்டி 2019-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, புரோபயோட்டிக் பெறாதோருள் நூற்றுக்கு 19 பேருக்கும் பெற்றோருள் நூற்றுக்கு 8 பேருக்கும் வயிற்றோட்டம் கண்டது. இதற்குப் பயன்படுவனவற்றுள் ஒன்று பற்றீரியா அன்று, ஒரு மதுவம். கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில் இந்தோசீனாவிற் கொலரா பரவியபோது, அங்குள்ளோர் பழத்தோலை அவித்துக் குடிப்பதைக் கண்ட புலார் என்னும் பிரெஞ்சுக்காரர் பிரித்தெடுத்தது அது. மலக்கட்டுக்கும் பால் கக்குதலுக்கும் புரோபயோட்டிக் வேண்டுவதில்லை. கக்கினும் நிறை கூடும் பிள்ளைக்குத் தாயின் தோளிற் போட்ட துவாயே போதும்.

மாதம் நிறையாது பிறந்த பிள்ளைகளைப் பற்றித் தனியே கூறல் வேண்டும். அவர்தம் குடல் அழுகும் கொடுநோயைத் தடுக்கப் புரோபயோட்டிக் உதவும் என்று பல ஆய்வுகள் கூறுகின்றன. ஆயினும் 2023-ஆம் ஆண்டில் அமெரிக்காவில், வைத்தியசாலையிற் கொடுக்கப்பட்ட புரோபயோட்டிக்கின் உயிரே இரத்தத்திற் புகுந்து அத்தகைய குழவி ஒன்று இறந்ததும், அந்நாட்டு உணவு மருந்து நிருவாகம் வைத்தியர்களை எச்சரித்தது. நலமுள்ள பிள்ளைக்குத் தோழனாகும் உயிர், தடுப்பாற்றலில்லாப் பிள்ளைக்குப் பகையாகவும் கூடும். ஆகவே குறைமாதப் பிள்ளைக்கும், இருதயத்திலோ நோயெதிர்ப்பிலோ குறையுள்ள பிள்ளைக்கும் வீட்டார் தாமாக ஒரு துளியும் கொடுக்கலாகாது. மறுபுறத்தே, இந்தியாவின் ஒடிசா மாநிலக் கிராமங்களில் 4,556 நிறைந்த நலமுள்ள குழவிகளைக் கொண்டு நடத்தி 2017-இல் வெளியிட்ட ஆய்வு நெஞ்சை நிமிர்த்துவது. பிறந்த முதற் கிழமையில் ஏழு நாள் மட்டும் 'இலற்றோபசிலசு பிளாந்தாரம்' என்னும் உயிரை அதற்குரிய வெல்ல உணவுடன் கொடுத்தனர். குருதி நஞ்சேறலும் இறப்பும் நூற்றுக்கு 9 என்பதிலிருந்து 5.4 ஆகக் குறைந்தன. செலவோ மிகச் சிறிது. வேறிடங்களிலும் இம்முடிவு நிலைக்குமாயின் ஏழை நாடுகளுக்கு இது பெருங்கொடை.

நம் வீட்டு வைத்தியத்தைப் பற்றியும் கேட்பர். பாலவாகட நூல்கள் மாந்தம், கணம் என்று குழவி நோய்களை நுணுகி வகுத்தன. யாழ்ப்பாணத்துப் பரராசசேகரமும் பாலரோகங்களைப் பேசுகின்றது. அந்நூல்களின் தமிழில் எனக்குப் பெருமதிப்பு உண்டு. ஆயினும் வசம்பை உரைத்து நாவில் வைத்தலை இன்று வைத்தியர் ஏற்பதில்லை. அதிலுள்ள ஒரு பொருளின் கேடு கருதி அமெரிக்காவில் 1968-இலேயே அதனை உணவிற் சேர்த்தல் தடைசெய்யப்பட்டது. தேனும் ஒரு வயது வரை கூடாது. அதில் ஒளிந்திருக்கும் ஒருவகைக் கிருமியின் வித்துகள் பச்சிளங் குடலில் முளைத்து உடலைத் தளர்த்தும் நஞ்சை உண்டாக்கும். ஓமத் தண்ணீர், கிறைப் வாட்டர் முதலியன பாலுக்குரிய இடத்தைப் பிடித்துக்கொள்வன. ஆறு மாதம் வரை நீருங்கூட வேண்டாம் என்பதே விதி.

ஆறு மாதத்தின் பின் தயிர் வரலாம். கொதித்தாறிய பாலில் உறை ஊற்றித் தோய்ந்த புதுத்தயிரைச் சோற்றுடன் மசித்து ஓரிரு கரண்டி கொடுத்தல் நல்லுணவு. பாலிலுள்ள வெல்லத்தின் ஒரு பகுதியை அந்நுண்ணுயிர்கள் முன்பே உண்டுவிடுதலாற் பிள்ளைக்கு அது எளிதிற் சமிக்கும். சீனி போட்டு விற்கும் யோகட் கோப்பைகளைத் தவிர்த்தல் நன்று. தயிர் உணவாகும், மருந்தாகாது. ஒவ்வொரு வீட்டு உறையிலும் குடியிருக்கும் உயிர்கள் வெவ்வேறாதலால் இன்ன உயிர் இத்தனை என்று எவராலும் கூற இயலாது. ஒரு வயதுக்குமுன் பசுப்பாலைத் தாய்ப்பாலுக்குப் பதிலாய்க் கொடுத்தலும் தயிர் கொடுத்தலும் ஒன்றல்ல என்பதையும் மறத்தலாகாது.

வைத்தியர் சொல்லித் துளிமருந்து வாங்குவோர் போத்தலை எவ்வாறு வாசித்தல் வேண்டும்? பெயர் மூன்று பகுதியாய் இருக்கும்: குலம், இனம், அதன்பின் எழுத்தும் எண்ணும் கொண்ட குறி. ஊர்ப்பெயரும் குடும்பப்பெயரும் தெரிந்தால் ஆளைத் தெரிந்ததாகாது. அக்குறியே ஆளின் சொந்தப் பெயர். கொலிக்குக்குச் சோதிக்கப்பட்டது டி.எஸ்.எம். 17938 என்னும் குறியுடையது. அக்குறியில்லாத றொயிற்றெரி வேறோர் ஆள். 2020-இல் இலற்றோபசிலசுக் குலத்தைப் பலவாய்ப் பிரித்தமையால் 'இலிமோசிலற்றோபசிலசு' என்று எழுதியிருத்தலும் உண்டு. மருந்து மாறிவிட்டதென அஞ்சவேண்டா. சோதனைகளிற் கொடுத்த அளவு நாளொன்றுக்கு ஐந்து துளி, அதாவது பத்துக் கோடி உயிர்கள். அத்தொகை ஆக்கிய நாளில் இருந்ததா, காலாவதி நாள்வரை இருக்குமா என்று பார்த்தல் வேண்டும். நம் நாட்டுச் சித்திரை வெயிலில் மூடிய வாகனத்தினுள் ஒரு பகல் கிடந்த போத்தலில் எண்ணெய் மிஞ்சும். உயிர் மிஞ்சுமா என்பது ஐயம். ஆதலாற் பெட்டியிற் கட்டி அனுப்பும் உறவினர்க்கு அவ்வாறு அனுப்ப வேண்டாம் என்று எழுதிவிட்டு, குளிரூட்டியில் வைத்து விற்கும் மருந்துக்கடையில் வாங்குதலே நன்று. வீட்டிலும் தாளிற் குறித்த வெப்பநிலையில் வைத்து, கொடுக்குமுன் போத்தலை நன்றாய்க் குலுக்கி, கரண்டியிலிட்டோ பிழிந்த பாலிற் கலந்தோ கொடுக்கலாம். சுடுநீரிற் கலக்கலாகாது. மூடி திறந்த நாளைப் பேனாவாற் போத்தலின்மேல் எழுதி வைத்து, தாளிற் கூறிய கெடு முடிந்ததும் மிஞ்சியதை ஊற்றிவிடல் வேண்டும்.